வால் பக்கம் கனக்கிறது

மணி ஒன்பது இருக்கும். செப்டம்பர் பாதி ஆகிவிட்டால் எங்கள் பக்கம் ஒன்பது மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். விமானத் திடலிலிருந்து ஏரிக்கரைக்குப் போகிற காட்டுச் சாலை... இரண்டு பக்கமும் பைன் மரங்கள். நடுவில் ஒரே ஒரு கார். அந்தக் காரும் நின்றுவிட்டது. பழுதெல்லாம் இல்லை. ஓட்டி வந்தவர்தான் எஞ்சினை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதார்.

அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே இந்தப் பக்கம் வந்துவிடலாம். பாதிக் கதையில் எழுந்து வரக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அழுதவர் பெயர் ரைமோ. என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஹில்க்காவின் சித்தப்பா. அறுபதைத் தாண்டியவர். அவர் அழுது யாரும் பார்த்தது கிடையாது. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட, கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நேரே கொல்லைக்குப் போய் விறகு பிளந்தார். மறுநாளும் பிளந்தார். அதற்கு மறுநாளும். இரண்டு குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு ஒப்பாரி என்றால் அதுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது.

அப்பேர்ப்பட்ட மனிதர் நட்ட நடுக் காட்டில் காரை நிறுத்தி ஏன் அழுதார்... சொல்கிறேன்.

ரைமோ விமானி. பெரிய கம்பெனியில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாமல், கோடைக்காலத்தில் ஒரு கிழட்டு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் செய்த விமானம். இரண்டு புரொப்பல்லர். எங்கேயோ கொட்டகையில் பறவை எச்சத்தோடு கிடந்ததை, அந்தப் பக்கத்து விமானச் சங்கத்துக்காரர்கள் சேர்ந்து, ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டிப் பறக்க வைத்துவிட்டார்கள். சனி ஞாயிறு ஆனால் ஜனங்கள் குடும்பத்தோடு வருவார்கள். கொட்டகையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கிடைக்கும். தின்று முடித்துவிட்டு ஒவ்வொருவராகத் தராசில் ஏறி நிற்க வேண்டும். ஒரு பெண்மணி, தின்ற ரொட்டியை முதலில் கழித்துச் சொல்லுங்கள் என்று சண்டைக்கே போனாளாம். பிறகு ஏறிக்கொண்டால், ஏரிகளுக்கு மேலே ஒரு சுற்று. தீவு, தேவாலயக் கோபுரம், யார் யார் வீட்டுப் படகுத்துறை... எல்லாம் தாழப் பறந்து பார்த்துவிட்டு வரலாம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த விமானம் தரையில் நிற்கும்போது வால் தரையோடு கிடக்கும், மூக்கு மேலே பார்க்கும். கதவு வால் பக்கத்தில். ஏறினால் மேடு ஏறுகிற மாதிரி நடந்துதான் முன்வரிசைக்குப் போக வேண்டும். பறக்கும்போதும் அப்படித்தான், தட்டுத் தராசு மாதிரி. உள்ளே ஒரு ஆள் எழுந்து பின்னால் நடந்தால் வால் கனக்கும், மூக்கு தூக்கும். முன்னால் வந்தால் மூக்கு தாழும். விமானியின் கைக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதை இப்படியும் அப்படியும் திருப்பி நேராக்குவார். ரைமோ திரும்பியே பார்க்க மாட்டார். சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே, "யாரோ ஒண்ணுக்குப் போறாங்க" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவருடைய மகள் சுவி. வாரநாளில் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோடையில் சனி ஞாயிறு மட்டும் அந்த விமானத்தில் பணிப்பெண். வால் பக்கத்துக் கடைசி இருக்கை அவளுடையது. அப்பாவைச் சீண்ட வேண்டும் என்றால் வேலையே இல்லாமல் முன்னும் பின்னும் நடப்பாள். இவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் கை வலித்துப் போய், கடைசியில் விமானி அறைக் கதவு வழியாகக் கத்துவார்.

"உக்காருடி. இது விமானமா, ஊஞ்சலா?"

"காசு குடுத்து வந்தவங்களுக்கு நல்லா ஆட்டிக் காட்ட வேணாமாப்பா?"

அவளுக்குத் தார் சோப்பு, பைன் மரத்துத் தாரில் செய்கிறார்களே அது, என்றால் உயிர். அவள் போன இடமெல்லாம் அந்த வாசனை கொஞ்ச நேரம் நிற்கும்.

ஏப்ரலில் செத்துப் போனாள்.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போகிற பஸ் ஏரியின் அக்கரையில் நிற்கும். சாலை வழியாகச் சுற்றிப் போனால் நேரமாகும். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. அம்மா இர்மெலிதான் சொன்னாள், "எதுக்குடி சுத்தற? ஐஸ் மேலயே போ. நேத்துதான் நான் போய்ட்டு வந்தேன், கல்லு மாதிரி தாங்குது." உண்மைதான், போய்விட்டு வந்தாள். ஆனால் அவள் போனது விடியற்காலையில். மகள் கிளம்பியது மத்தியானக் காப்பிக்குப் பிறகு. அந்த மாதத்து ஐஸ் காலையில் தாங்கும், மேலே வெயில் ஏற ஏற உள்ளுக்குள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடு ஏரியில் உடைந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த இர்மெலிக்கு இது தெரியாதா என்ன. தெரியும். தினமும் நடந்து பழகினவர்களுக்கு ஒரு அலட்சியம் வரும் பாருங்கள், அதுதான் அன்றைக்கு வாயில் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. ரைமோ அவளை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை. இர்மெலி இரவெல்லாம் சமையலறை மேசையில், ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு தட்டிலேயே காய்ந்து போகும்.

கோடை முழுக்க ரைமோ திடல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செப்டம்பரில் மற்ற விமானிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆளில்லை, வாருங்கள் என்று கெஞ்சிக் கூப்பிட்டார்கள். போனார். கூட ஓட்ட லஸ்ஸி என்ற இளைஞன். பணிப்பெண்ணாக மைஸா என்று புதிதாக ஒருத்தி. மைஸா நல்ல பெண், அந்தக் கடைசி இருக்கையில் உட்கார மனசு வராமல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்கால வெயில். காற்றே இல்லை. முதல் ஏரியைத் தாண்டும்போது... மூக்கு லேசாகத் தூக்கியது. ரைமோவின் கை தானாகவே சக்கரத்தைத் திருப்பியது. இன்னும் கொஞ்சம் தூக்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். யாரோ அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, நிதானமாக, ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நடந்து போகிறார்கள். நடுவில் நின்றார்கள். திரும்பி நாலடி முன்னால் வந்தார்கள். மறுபடியும் பின்னால் போனார்கள்.

"மைஸா, யாரு நடக்கிறது?"

"யாருமில்லையே. எல்லாரும் பெல்ட் போட்டு உக்காந்திருக்காங்க."

லஸ்ஸி காற்று என்றான். அவருக்கு அந்த நடை தெரியும். முப்பது வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறார்கள்... இந்த நடை ஒருத்திக்குத்தான் உண்டு. திறந்திருந்த கதவு வழியாகத் தார் சோப்பு வாசனை வந்தது.

இறங்கிய பிறகு, எல்லாரும் போகும் வரை விமானத்துக்கு அடியிலேயே நின்றிருந்தார். பிறகுதான் அந்தக் காட்டுச் சாலை. அழுகை.

வீட்டுக்குப் போனதும் இர்மெலியிடம் சொன்னார். சொல்லியிருக்கவே கூடாதோ என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்தாராம். அவள் சிரிக்கவில்லை. பைத்தியமா உனக்கு என்று கேட்கவில்லை. ஏரியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கோபமா இருக்காளா?"

"நடையில கோபம் எப்படித் தெரியும் இர்மெலி?"

"உனக்குத் தெரியும்."

"தெரியல."

"அப்ப நான் வரேன். நானே கேட்டுக்கறேன்."

அடுத்த ஞாயிறுதான் அந்த வருஷத்தின் கடைசிச் சுற்று. இர்மெலி தேவாலயத்துக்குப் போகிற உடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். தராசில் ஏறினாள். லஸ்ஸி எடையைப் பார்த்துவிட்டு, கோட்டோடயா, என்று ஒரு தடவை கேட்டான். அந்தக் கோட்டுக்குள் ஆளே இல்லை. அவ்வளவு வற்றிப் போயிருந்தாள். நேரே போய்க் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடப்பக்கம் சுவியின் இருக்கை காலி.

விமானம் கிளம்பியது. ரைமோவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் நடந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவு போதும். இர்மெலிக்கு அது தெரிந்தால் ஒரு கவளம் சாப்பிடுவாள், ஒரு ராத்திரி தூங்குவாள். சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் ஏரி போயிற்று. தீவு போயிற்று. ஒன்றுமில்லை.

அவர்கள் வீட்டு ஏரிக்கு மேலே திரும்பும்போது... மூக்கு சட்டென்று கீழே இறங்கியது. ரைமோவும் லஸ்ஸியும் ஒரே நேரத்தில் கைப்பிடியை இழுத்துப் பிடித்தார்கள்.

"யாரு ஓடி வர்றது?" என்றான் லஸ்ஸி.

ஓட்டம்தான். வாலிலிருந்து முன்னால், ஒரே ஓட்டம். சுவி இதுவரை ஓடினதே இல்லை. வந்து ரைமோவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். தார் சோப்பு வாசனை முகத்தில் அடித்தது. இருக்கையின் தோல் உறை... கர்ர்... என்று முனகியது. யாரோ இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடிக்கிற சத்தம்.

ரைமோவுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டாள். அப்படியானால் கோபம்தான். செத்தும் கோபம் போகவில்லை. வாயை அதிகம் அசைக்காமல், லஸ்ஸிக்குக் கேட்காமல் சொன்னார்.

"அம்மா பின்னாடி இருக்காம்மா. போ."

நகரவில்லை.

"தெரிஞ்சா உன்ன ஐஸ் மேல போகச் சொன்னா? அவ செத்துக்கிட்டு இருக்கா சுவி. போய் ஒரு நிமிஷம் உக்காரு. எனக்காகப் போ."

இருக்கை இன்னும் இறுகியது. ரைமோவுக்கு மகள் மேல் கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அப்படி ஒரு கோபம் அவள் மேல் வந்ததில்லை. "போன்னு சொல்றேன்ல" என்று பல்லைக் கடித்தார்.

அப்போது வால் கனக்க ஆரம்பித்தது.

மெதுவாக. நடக்கிற கனம் இல்லை அது. ஒரு இடத்திலேயே இருந்துகொண்டு ஏறுகிற கனம். கோணிச் சாக்கு தண்ணீரில் ஊறுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக... ரைமோ சக்கரத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. போய்விட்டாள். என் பேச்சைக் கேட்டு அம்மாவிடம் போய்விட்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதிரே இருந்த கருவிகளின் முள்ளெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

அந்த நேரம் அவர் தோளில் ஒரு கை விழுந்தது. பின்னாலிருந்து. தார் சோப்பு வாசனையோடு. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சுவி இங்கேதான் இருக்கிறாள்.

அப்படியானால் அங்கே...

"மைஸா," லஸ்ஸியின் குரல் உடைந்திருந்தது, "பின்னாடி எத்தனை பேர் போயிருக்காங்க? வால் இப்படிக் கனக்குது?"

"யாரும் போகலப்பா. அந்த அம்மா மட்டும்தான் தனியா உக்காந்திருக்காங்க."

இறக்கியது எப்படி என்று இருவருக்குமே சரியாக நினைவில்லை. விமானம் தரையைத் தொட்டதும் தோளில் இருந்த கை எடுபட்டது. வாசனையும் போயிற்று. ரைமோ எஞ்சின் நிற்கக்கூடப் பொறுக்காமல் எழுந்து, சரிவில் இறங்கி ஓடினார். ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இர்மெலி கடைசி வரிசையில் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். பக்கத்து இருக்கை நனைந்து கிடந்தது. தார் சோப்பு வாசனை துளிகூட இல்லை. அழுகின நாணலும் சேறும் கலந்து ஒரு வீச்சம்... ஏரிக்கு அடியில் துழாவி எடுத்தால் வருமே, அந்த வீச்சம்.

காரில் அவள்தான் பேசினாள். ஆறு மாதப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள்.

"வந்தா ரைமோ. நம்ம ஏரிக்கு மேல வரும்போது வந்து உக்காந்தா. என் கையப் பிடிச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் விடவே இல்ல."

"பேசினாளா?"

"பேசல. கை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. சட்டைக் கையெல்லாம் ஈரம். பாவம், இன்னும் காயல அவளுக்கு."

"முகத்தப் பாத்தியா?"

"பாக்கல. பாத்தா போயிடுவாளோன்னு பயம்." பிறகு சொன்னாள், "கோபம் இல்ல ரைமோ. கோபம் இருந்தா கையப் பிடிப்பாளா?"

ரைமோ சாலையைப் பார்த்தே ஓட்டினார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அது நம்ம பொண்ணு இல்ல இர்மெலி. நம்ம பொண்ணு அதைப் பார்த்து பயந்து எங்கிட்ட ஓடி வந்தா. நான் அவளப் போ போன்னு விரட்டினேன்... எப்படிச் சொல்வது? அன்று இரவு இர்மெலி இரண்டு தட்டுச் சூப் குடித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகப் படுக்கையில் படுத்துத் தூங்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் அவள் ஜன்னல் துடைத்தாள். அதற்கடுத்த நாள் ரொட்டி சுட்டாள். எல்லாம் வலது கையால். இடது கையை மூடியே வைத்திருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எங்கள் ஜனங்களின் புத்தியே அதுதான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒரு ஆயுசையே ஓட்டிவிடுவோம். ரைமோ மட்டும் ஒரு நாள் விடாமல் திடலுக்குப் போய், நிறுத்தி வைத்திருந்த விமானத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்து, சுவி, சுவி என்று கூப்பிட்டுப் பார்த்தார். மன்னிச்சுக்கோம்மா என்றார். ஒரு சத்தம் இல்லை, ஒரு வாசனை இல்லை. எண்ணெய் நாற்றம் மட்டும்தான். அவளை மறுபடி அவர் உணரவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. சௌனாவை, அந்த நீராவிக் குளியல் அறையை, சூடேற்றினார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். மனசில் இருக்கிறதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு அந்த ஒரு அறைதான் உண்டு. உடம்பில் துணி இருக்காது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆவியைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

இர்மெலி மேல்பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவர் போய் அவளுக்கு இடப்பக்கம், ஒட்டி உட்கார்ந்தார். அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார். சொர்ர்ரென்று ஆவி எழும்பிக் காதைச் சுட்டது. பெரியவர்களே கீழ்ப்பலகைக்கு இறங்கிவிடுகிற சூடு. அவளுடைய இடது கை பலகையின் மேல் மூடிக் கிடந்தது. அதைத் தொட்டார். ஐஸ். புறங்கையில், தோலுக்கு அடியில், நீலமாக நாலு விரல் தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடமும் அவர் விரலைவிட நீளம்.

"இர்மெலி... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். முகம் வேர்த்து, சிவந்து, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த முகத்தை மறுபடியும் அந்தச் சமையலறை ஜன்னலுக்கு அனுப்ப அவரால் முடியவில்லை.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. நீ நல்லா இருக்கேல்ல?"

"நல்லா இருக்கேன்," என்றாள். பிறகு, கூச்சப்படுகிறவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு ரைமோ. அவளுக்கு இடம் பத்தல."

ரைமோ தள்ளி உட்கார்ந்தார்.